குழாய்த் தண்ணீர் குடிக்கும் வீடு

மார்ச் 4

கேன்காரர் இன்றும் இவர் ஆபீஸுக்குப் போன பிறகுதான் வந்தார், நான் சொல்லி வைத்தபடி. தண்ணீரை ஜாடியில் ஊற்றிவிட்டு, கேன்களைப் பின்கட்டில் பழைய போர்வைக்கு அடியில் ஒளித்தேன். திருட்டுச் சாராயத்தைக்கூட யாரும் இத்தனை ஜாக்கிரதையாக ஒளிக்க மாட்டார்கள்.

சாயங்காலம் இவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "பாத்தியா, குழாய்த் தண்ணி. இதைப் போய் விஷம்ங்கிறாங்க" என்றார்.

குழாயில் புதிதாக விட்ட ஏரித் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட பொறியாளர் இவர்தான். பழைய ஈயக் குழாய்களை அது அரிக்குமா என்று சோதிக்கவேயில்லை என்று தெருவே சேர்ந்து இவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. மனுவில் முதல் கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரியுடையது. அவள் மகளின் ரத்தத்தில் ஈயம்.

மார்ச் 9

என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரி துணியைப் பாதி காயப்போட்டபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்பெல்லாம் மதிலுக்கு இருபுறமும் நின்று அடுப்பில் வைத்ததை மறந்து பேசுவோம். இன்று என்னோடு பேசிய ஒரே ஆள் கேன்காரர்.

மார்ச் 21

வக்கீல் சொன்னாரென்று நாங்கள் இருவரும் ரத்தம் கொடுத்திருந்தோம். முடிவு வந்தது. ஈயம் இல்லை. வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "அதே தெரு, அதே குழாய்! இது ஒண்ணு போதும் சார், கேஸை உடைச்சிடலாம்."

எத்தனையோ மாதம் கழித்து இவர் சிரித்தார். "நீ ஒருத்திதான் என்னை நம்பி அந்தத் தண்ணியைக் குடிச்ச" என்றார்.

ஐயோ.

மார்ச் 22

போன மழைக்காலத்தில் ஒருநாள் குழாயில் பழுப்பாக வந்தது. சொன்னேன். "என் வேலையை எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். மறுநாளே கேன் வாங்க ஆரம்பித்தேன் — குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும். சண்டை வேண்டாம் என்றுதானே மறைத்தேன்? இவர் மனசு நோகக்கூடாது என்றுதானே?

அப்போது பக்கத்து வீட்டுக்காரியின் மகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2

கேனைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். "இதைத்தாங்க குடிச்சிட்டிருக்கோம். மழைக்காலத்துலேருந்து."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கையிலிருந்த டம்ளரை மெதுவாக வைத்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

ஏப்ரல் 5

ரத்த முடிவைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். இவர் தடுக்கவில்லை.

ஜூன் 17

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, வீட்டில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இவர் தலை நிமிரவில்லை.

வெளியே படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். அழுதுகொண்டே போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"அப்பவே தெரியுமாக்கா? மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்டோபர் 6

தெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. இவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அலமாரியில் இவருடைய பக்கம் காலி.

கேன்காரர் பழக்கதோஷத்தில் இன்றும் பின்பக்கமாகவே வந்தார். "எப்பவும்போல ரெண்டுதானேம்மா?"

"முன்வாசல் வழியாவே வாங்க" என்றேன். "ஒண்ணு போதும்."