பட்டையைத் திருப்பிப் போட்டது பற்றி

மிரேய்,

ஞாயிற்றுக்கிழமை நம் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், உன் அத்தை மகன் கேத்தான், பக்கத்து வீட்டு ஒனில். பழைய மோட்டார் பனிவண்டிக்கு, அடியில் சுற்றும் ரப்பர் பட்டையை மாட்டினோம்.

"மாமா, பட்டையில இருக்கிற அம்புக்குறி பின்னாடி பாக்குதே, தெரியலையா?" என்றான் கேத்தான்.

"தெரியுதுடா. மாட்டு."

"இதுல ஏறினா போன வருஷத்துக்கே போயிடலாம் போல," என்றான் ஒனில். இருவரும் சிரித்தார்கள். போன வருஷம் உன் அம்மா இருந்தாள். நான் சிரிக்கவில்லை.

பற்சக்கரம் இழுத்து இழுத்துப் பட்டையின் துளைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டன. திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் இழுக்கும். இந்த வண்டிக்குப் புதுப் பட்டை எங்கும் கிடைப்பதில்லை. என் அப்பாவும் இப்படித்தான் செய்வார். நம் லெவெஸ்க் வீட்டு வண்டி ஊரின் பனிவண்டி ஊர்வலத்தில் ஒருநாளும் பழுதாகி நின்றதில்லை.

உறைந்த ஏரியில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். இரண்டு பேருக்கு வைத்து நாளாயிற்று, உப்பு கூடியிருக்கலாம். என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் பேச்சைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்வோம்.

அப்பா

நாய் சாப்பிட்டாயிற்று. மறுபடி கேட்கும், கொடுக்காதே.

இன்னொன்று. எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது, அதனால்தான் பட்டையை மாற்றி மாட்டினேன் என்று கடையில் பேசுகிறார்களாம். அதைக் கேட்டுத்தான் நீ இங்கே புறப்பட்டு வருகிறாய் என்றும் தெரியும். தடுமாறவில்லை. தெரிந்தேதான் மாட்டினேன்.