ஜெபப்பெட்டிக்குள் வந்த நத்தை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. அந்த நாட்டு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்றாயிற்று, நாலாவது தடவை எழுதப்போவதில்லை, அந்த முதியோர் இல்லத்தில் உதவியாளாகவே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் அப்பாவிடம் போனில் கேட்டதற்கு, உன் இஷ்டம்மா, முடியலேன்னா விட்டுடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று அவரே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். சொன்னார்தான், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நத்தை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் மற்றது புரியாது.

நம் சபை வாசல் சுவரில் மாட்டியிருக்கும் மரப்பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். ஜெபக்குறிப்பைச் சீட்டில் எழுதி, பேர் போடாமல், உள்ளே போட்டுவிட்டுப் போவார்களே, அதுதான். சனிக்கிழமை காலையில் அதைத் திறந்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் படியெடுத்துப் போதகரிடம் கொடுப்பது என் வேலை, கண்ணாடி போட்டாலும் அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. மழை பிடித்ததிலிருந்து சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன, பதினாறு ஒன்பதாகி, ஒன்பது நாலாகிவிட்டது. சபையாரின் பாரம் இறங்குகிறது என்று போதகருக்கு ஒரே சந்தோஷம். அந்த மாதம் அவர் இயற்கையிலிருந்து விசுவாசப் பாடம் என்று தொடர் பிரசங்கம் வேறு வைத்திருந்தார், முதல் வாரம் எறும்பு, இரண்டாம் வாரம் சிலந்தி, மூன்றாம் வாரம் நம் சபைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த நத்தை. வழுக்கினாலும் திரும்ப ஏறுகிறதே, அவசரமில்லை, முணுமுணுப்பில்லை, அது எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது, ஆனால் அதற்குத் தெரியும் என்று மேசையைத் தட்டினார். நான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் அது எங்கே போனது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. கொழுகொழுவென்று உள்ளே உட்கார்ந்து, சபையாரின் ஜெபக்குறிப்புகளை ஓரத்திலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

உடனே கமிட்டி கூடியது. உன் பெரியப்பா கைப்பிடி உப்பைக் காகிதத்தில் மடித்தே கொண்டுவந்துவிட்டார், ஒரு சிட்டிகை போதும், சுருண்டுடும் என்றார். போதகருக்கு முகம் வாடிப்போயிற்று, ஞாயிற்றுக்கிழமை மேடையில் புகழ்ந்ததைச் சனிக்கிழமை எப்படிக் கொல்வது. போன மாசம்தானே பிரசங்கத்துல நம்மளை எல்லாம் பூமிக்கு உப்பா இருக்கச் சொன்னீங்க என்று பெரியப்பா விடாமல் மல்லுக்கு நின்றார். பாட்டுக்குழு அக்கா ஒருபடி மேலே போய், அது என் சீட்டைத் தின்னதிலேருந்து எனக்கு இடுப்புவலி பாதி குறைஞ்சிருக்கு, யாரும் அது மேல கை வைக்கக் கூடாது என்றாள். அன்றிலிருந்து சில பேர் அதற்குத் தின்ன வசதியாக மெல்லிய காகிதத்தில் எழுதிப் போட ஆரம்பித்திருக்கிறார்கள், என்ன சொல்ல. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்றால், யார் போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள், ஒருத்தரும் போட மாட்டார்கள். கடைசியில் நத்தையைப் பின்பக்க மதில் ஓரம் கொண்டுபோய் விடுவது என்று தீர்மானமாயிற்று, அந்த வேலை உன் அப்பா தலையில் விழுந்தது. அடையாளத்துக்கு ஓட்டின் மேல் உன் அலமாரியில் கிடந்த சிவப்பு நெயில் பாலிஷை ஒரு பொட்டு வைத்தார். ஐந்தாம் நாள் பொட்டோடு பெட்டிக்குள் இருந்தது. திரும்பக் கொண்டுபோய் விட்டார், திரும்ப வந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

போதகர் பூரித்துப்போய், மூணு தடவை வெளியே போட்டும் வந்துச்சே, இதை உங்க மகளுக்கு எழுதுங்க என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அது காகித ருசியில் வருகிறது, என் மகள் எட்டுப் பேரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படித்தவள், அதைப் பார்த்து இவள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு வருத்தமாகத்தான் இருந்தது, நல்ல மனுஷர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நத்தை மூன்று வாரமாக எல்லாச் சீட்டையும் தின்றது, வாரத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. அது லேமினேஷன் போட்ட சீட்டு. இந்தச் சபையில் லேமினேஷன் மெஷின் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். டாக்டர் சீட்டுக்கே லேமினேஷன் போட்டு, அடுத்த தடவை மருந்து எழுத இடமில்லாமல் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர்தானே. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று டைப் அடித்திருக்கிறார், ஆனால் யார் கையையும் குத்தக் கூடாதென்று நாலு மூலையையும் வழக்கம்போல வளைத்து வெட்டியிருக்கிறார். போதகர் அதைப் பேர் தெரியாத ஒரு சகோதரரின் விண்ணப்பம் என்று சொல்லி வாசித்தபோது சபை முழுக்க அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. உன் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே. மூன்று வாரமும் அதே வாசகம்தான். ஒன்றை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், படியெடுத்தே பழகிய கை, இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஆண்டவரே, என் மகள் பரீட்சையை விட்டுவிடலாமா என்று கேட்டாள், அவள் குரல் கேட்டு மனசு தாங்காமல் விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன், சின்ன வயதிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்டதே இல்லை, இந்தத் தடவையும் கேட்காமலிருக்கக் கிருபை செய்யும்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல கண்ணு. எனக்கும் நீ பரீட்சை எழுத வேண்டும் என்றுதான் ஆசை, தோற்றாலும் நீ எங்கள் பிள்ளைதான், அதில் ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனால் விடுவதானால் நீயாக விடு, அப்பா சொன்னார் என்று விடாதே, பாவம், அவர் சொன்னதை அவராலேயே தாங்க முடியவில்லை. பரீட்சைக்கு விண்ணப்பம் போட இருபதாம் தேதி கடைசி, மறக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் இடுப்புக்கும் பெலன் தரட்டும். சீட்டில் குறுக்கே பளபளவென்று ஒரு கோடு தெரியும், துடைத்தாலும் போகவில்லை, நத்தை அதையும் தின்னப் பார்த்திருக்கிறது. நீ அழுதாலும் பரவாயில்லை, எழுத்து அழியாது, லேமினேஷன் போட்டது.

முத்தங்களுடன்,
உன் அம்மா