விரலுக்கு வரும் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண் வீங்குகிற அளவுக்கு வேலை பார்க்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன் வந்தாலே உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அதோடு போனில் என் நாக்கு எதைக் கேட்டாலும் பிரமாதம் பிரமாதம் என்றே சொல்லிப் பழகிவிட்டது. பேனா கொஞ்சம் நிதானம்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள். நான் ஓட்டுகிற நம்ம பல் டாக்டரம்மாவுக்குப் புது வண்டி வந்த மூன்றாம் நாள், அவர்கள் முன் சீட்டில் இருந்தார்கள், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்கண்ணே என்றார்கள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீ வடிவமைத்த பலகைதான், துணி மாதிரி மெத்தென்று இருக்கிறதே, கையைக் கிட்டே கொண்டுபோனால் உள்ளேயிருந்து சின்னச் சின்னப் படமாக வெளிச்சம் எழும்புகிறதே, அதைத் தொட்டேன். ஒன்றும் ஆன மாதிரி தெரியவில்லை. திரும்பத் தொட்டேன், பக்கத்தில் தொட்டேன், கடைசியில் மாட்டைத் தடவிக்கொடுக்கிற மாதிரி முழுப் பலகையையும் தடவினேன். சற்று நேரத்தில் டாக்டரம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் வருதுபோலண்ணே, கீழேயிருந்து உடம்பு கொதிக்குது என்றார்கள். பார்த்தால், குளிருக்கு என்று சீட்டைச் சூடாக்க ஒன்று வைத்திருக்கிறீர்களே, ஏசியை அணைத்துவிட்டு அதை முழுசாக ஏற்றிவிட்டிருக்கிறேன். நல்லவேளை சிரித்துவிட்டார்கள், வேறு முதலாளியாக இருந்தால் என்னை அந்தச் சீட்டில் உட்காரவைத்து வறுத்திருப்பார்கள்.

உன் ஒரு வார்த்தைதான் என்னைக் குழப்பியது. வண்டி வருவதற்கு முன்னாலேயே விளக்கினாயே, அப்பா இதில் அமுக்குகிற பட்டன் கிடையாது, விரலை வைத்தால் ஒரு பதில் வரும், பதில் வந்தால் வேலை முடிந்தது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம் என்று. பதில் என்றால் வண்டி வாயைத் திறந்து ஏதோ சொல்லும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தி, பலகையில் விரலை வைத்து, காதையும் அதன்மேலேயே வைத்துக்கொண்டு கிடந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து பார்த்து, வண்டிக்கு நெஞ்சு துடிக்குதான்னு பாக்கறீங்களாண்ணே, நான் பல் டாக்டர், அது என் டிபார்ட்மெண்ட் இல்லையே என்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து தன் விரலை வைத்துக் காட்டினார்கள். பாருங்க, உள்ளேயிருந்து டிக்குனு ஒரு சின்னத் தட்டு, அதுதான் பதில், என்ன அழகாப் பண்ணியிருக்கா உங்க பொண்ணு என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் வைத்தேன். எங்கே தட்டுது என்றேன். இப்பத்தான் தட்டிச்சேண்ணே என்றார்கள்.

பலகைமேல் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வந்திருந்தது. ஷோரூம்காரர் உரிக்கப் போனபோது, என் மகள் செய்தது அழுக்காகக் கூடாது என்று அவரோடு மல்லுக்கட்டி அப்படியே விடவைத்தவன் நான்தான். ஆஹா இதுதான் காரணம் என்று சொல்லி நானே அதை உரித்தேன். மறுபடி வைத்தேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்கள், நான் பலகையைப் பார்த்தேன். தாள் ஒட்டியிருந்தபோதே அவர்களுக்குத் தட்டியதே என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கிளினிக்குக்குள் கூட்டிப்போய், வாயைத் திறந்து காட்டுகிற நாற்காலியில் என்னைச் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, பல் நோண்டுகிற கம்பியால் விரல் நுனியில் தொட்டார்கள், தொடறப்பல்லாம் சொல்லுங்க என்று. இரண்டு முறை சொன்னேன். எட்டு முறை தொட்டேன் என்றார்கள். அந்த இரண்டிலும் ஒன்று குத்துமதிப்பு. சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சுபோல, நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க என்றார்கள்.

நாளைக்கே போயிருக்கலாம். நான் கெட்டிக்காரன் இல்லையா, விரல் போனால் கண் இருக்கிறதே என்று, தொடும்போதெல்லாம் குனிந்து பார்த்து ஓட்டினேன். இரண்டாம் நாள் சந்தைத் தெரு திருப்பத்தில் குனிந்து நிமிர்கிறேன், வண்டிக்கு நேரே கூடையோடு ஒரு அம்மா. பிரேக்கை மிதித்தேன், ஒரு முழம் இருந்திருக்கும். அந்த அம்மா பானெட்டை ஓங்கி அறைந்து, கண்ணை எங்கய்யா வச்சிருக்கே, வீட்டுல போய் டிவி பாரு என்றது. அந்த அறைக்குக் கண்ணாடி அதிர்ந்தது, அதை மட்டும் நன்றாக உணர்ந்தேன். கிளினிக்குக்கு வந்ததும் சாவியை நானே டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டேன். நரம்பு டாக்டரையும் பார்த்தாயிற்று, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திக்கோங்க என்றார். இப்போது வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிடுகிறேன், வாய்க்கு நரம்புக் கோளாறு இல்லை. உங்கம்மாவுக்குத் தெரியாது, காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து வேகமா ஓட்டாதீங்க என்று இன்னமும் சொல்லி அனுப்புகிறாள், சரி என்கிறேன். அவள் முழங்கால் வலி தேவலை, மாடிக்கு மட்டும் நான்தான் துணி உலர்த்தப் போகிறேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், மேலே இருக்கிறவங்க இந்தத் தட்டு பலமா இருக்கு, இன்னும் மெல்லிசாக்குன்னு சொல்றாங்கப்பா, எங்கப்பா நாற்பது வருஷ டிரைவர், அவரைக் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன், பொய் சொல்லத் தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான் என்றாய். அந்த ஆள் என்ன சொன்னான், பிரமாதம்மா, இன்னும் கொஞ்சம் குறைச்சாக்கூடப் பரவாயில்லை என்றான். பக்கத்தில் உங்கம்மா வேறு பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இருபதாம் தேதி கூட்டத்தில் நீ அதைச் சொல்லுவாய், அவர்கள் குறைத்துவிடுவார்கள், அப்புறம் எத்தனை ஆயிரம் வண்டியோ. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களில் என் வயசும் என் சர்க்கரையுமாக எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அவர்களும் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் குறைக்காதே பாப்பா. முடிந்தால் கூட்டு. விரல் முட்டி நிற்க ஒரு மேடு, ஒரு பள்ளம், ஏதாவது வைக்க முடியுமா பார். வழவழவென்று இருப்பதுதான் அதன் அழகே என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, நானே அதைப் பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவன் உனக்குப் பாடம் எடுக்கவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் நீ அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்குமோ, வேலைக்கே ஏதாவது ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் கூடையோடு இன்னொரு அம்மா. இங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டில் எதையும் என்னால் தடுக்க முடியாது. நான் சொன்னது பொய் என்று மட்டும் எழுத முடிகிறது, எழுதிவிட்டேன்.

நீ எடுத்த காரியம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரை பார்த்துக்கொள், நம் பக்கத்துச் சொத்து என்று உனக்கு வருவது அது ஒன்றுதான். கடிதம் கிடைத்ததை உங்கம்மா காதில் விழ உளறிவிடாதே, அங்கே மழை பெய்தது என்று சொல், புரிந்துகொள்கிறேன்.

போன தடவை ஏர்போர்ட்டில் உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய், அப்பா கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு என்று கேட்டாய், ஏசி என்றேன். நீ என் கையைப் பிடித்திருக்கிறாய் என்பதே எனக்குக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா