அரைப் போத்தல் ஆற்றுத் தண்ணீர்

ஜூலை 9, செவ்வாய்
கொளுத்தும் வெயில். கிணறெல்லாம் உப்பு. ஊரே ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறது. தங்கையின் மகள் மாலாவுக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம். ஆறு குடிக்க உதவாது என்று அக்கரையில் ஓர்ஸ் ஹில் ஆய்வுகூடம் எழுதித் தந்தால்தான் பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வருமாம். சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ. அவித்த போத்தல் ஒன்று தந்தார். "அண்ணை, வாயைத் திறந்தாலும் போத்தலைத் திறக்காதேங்கோ." குத்தல் கதை. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கா? (ஏழு.)

ஜூலை 10, புதன்
விடிய நிரப்பினேன். மூதூர் இறங்குதுறைச் சாவடியில் பெற்றோலா என்றான் ஆமிக்காரன். என் சிங்களத்தைக் கேட்டு நடுங்கிவிட்டான். நடுங்கியவன் குடித்துக் காட்டச் சொன்னான். ஒரு மிடறு. அக்கரைக்குப் போகும் லோஞ்சுப் படகில் பனையளவு அலை. ஆய்வுகூடத்தில் நிறைபோத்தலாக ஒப்படைத்தேன்.

ஜூலை 13, சனி
கடையில் வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி. மாலாவின் கண் குழிந்துவிட்டது. அவள் தகப்பன் என்னைப் பார்த்து: "மச்சான்ர வாயில ஓடுற ஆத்தைப் பிடிச்சுச் சோதிக்க வேணும்." நாசமாய்ப் போவான்.

ஜூலை 15, திங்கள்
ஓர்ஸ் ஹில். ஆய்வுகூடத்துக் கண்ணாடிக்காரர் முடிவுத் தாளை மேசையில் எறிந்தார். கிருமியே இல்லை, குடிநீர்த் தரம். பவுசர் இல்லை.
"ஆத்துக்குள்ள குளோரின் என்னெண்டு வந்தது?"
வெள்ளைக்காரன் காலத்தில் கரைத்தது என்றேன்.
"பொய் சொல்லுறதெண்டாலும் படிச்சிட்டு வந்து சொல்லுங்கோ."
இங்கே உண்மையை எழுதலாம். ஒரு மிடறில்லை, அரைப் போத்தல் குடிக்க வைத்தான் ஆமிக்காரன். அரைப் போத்தலோடு போனால் என்ன மரியாதை? ஆமிக்காரர் குடிக்கிற சாவடிக் குழாயில் மிச்சத்தை நிரப்பினேன். தண்ணீர் தண்ணீர்தானே.
மாலாவின் கண் நினைவுக்கு வந்தது. அவரிடமும் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை, மூதேவி. புதுப் போத்தல் தந்தார்.

ஜூலை 16, செவ்வாய்
இரண்டு போத்தல். ஒன்று ஆய்வுக்கு, ஒன்று குடித்துக் காட்ட. நிறம் மாறினால் சந்தேகப்படுவான் என்று இரண்டிலும் ஆற்றுத் தண்ணீரே. அதே ஆமிக்காரன். அவன் கண்ணைப் பார்த்தபடி ஒரு போத்தலை முழுதாக முடித்தேன். மற்றதை அவன் தொடவில்லை.

ஜூலை 19, வெள்ளி
குடிக்க உதவாது. சீல் குத்திய தாள். பீ.எச்.ஐ. வாசலில் நின்று வாசித்தார், நான் கக்கூசுக்குள் இருந்து கேட்டேன். நாளை காலை பவுசர். மாலா கஞ்சி கேட்டாளாம்.
தாள் வர முதலே என் வயிறு கண்டுபிடித்துவிட்டது. ஊருக்கு இதைச் சொல்ல வேண்டும். மச்சானுக்கு முதலில். விடிந்து ஐந்து தரம். இல்லை, பத்து என்று சொல்லலாம். இதோ திரும்பவும்