பெயரைச் சொல்லாமல் ஆளைச் சொல்வது

லாத்தா,

இன்று ரேஷன் கார்டு படிவத்தில் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன். கணவர் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லாத உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்; கூடப் பிறக்காத அக்காவான உங்களை லாத்தா என்றே கூப்பிடுவேன். எனக்குப் பதினேழு வயது. அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம் ஒன்றோடு, தானாகவே கற்றுக்கொண்டு, இங்கிலீஷ் பித்துப் பிடித்துத் திரிந்தேன். கப்பல் வேலைக்குப் போன உங்கள் கணவர், என் மச்சானிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. கம்பெனிக்கு நான்கு வரி எழுதிப் போட்டேன். ‘இதே பெயரில் நால்வர் இருக்கிறார்கள். உங்களவர் யார்?’ என்று பதில் வந்தது.

“மனு எழுதுறவர்கிட்ட போவோமா லாத்தா?”

“வேண்டாம் மோளே. நாளைக்கு பஜார் முழுக்கப் பாட்டாயிடும். நீயே எழுது.”

ஆளையும் அவரைப் பற்றிய சேதியையும் ஒரே வாக்கியத்தில் கோர்க்கும் ஹூ, விச் எல்லாம் எனக்கே அப்போது பிடிபடவில்லை. தமிழில் சேதி முன்னால் வரும், ஆள் பின்னால். இங்கிலீஷில் ஆள் முதலில் வந்து நிற்கிறார். புத்தகத்திலிருந்த விதிகளைச் சத்தமாக வாசித்தேன். நீங்கள் மத்தி மீன் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்.

“இதென்ன பெரிய வித்தை? பேரு சொல்லாம நான் பின்ன எப்படி அவரைச் சொல்றேன்? இடது புருவத்துல வெட்டு உள்ள ஆளு. சாயாவுல உப்புப் போட்டுக் குடிக்கிற ஆளு. சிரிச்சா கண்ணே காணாத ஆளு.”

“சாயாவுல உப்பா?”

“கப்பல்ல பழகினதாம். கிறுக்கு.”

ஒவ்வொரு ‘ஆளு’க்கும் ஒரு ஹூ போட்டேன். விதி அப்போதுதான் விளங்கியது. வாக்கியம் முக்கால் பக்கம் ஓடியது. ஆபீசுக்கு இது எதற்கு என்று அந்தச் சிரிப்பைப் பற்றிய வரியை அடிக்கப் போனேன். ஈரக் கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“அதை வெட்டாதே. அவரோட நின்னவங்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும்.”

அப்படியேதான் நடந்தது. கடிதத்தைக் கப்பலில் வாசித்தபோது எல்லோரும் ஒரே ஆளைச் சொன்னார்களாம். மச்சான் வலது கை நசுங்கி, பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொருவரைக் கொண்டு எழுத வைக்க அவருக்கும் கூச்சம்.

கம்பெனியின் பதிலை நான் மொழிபெயர்த்து வாசித்தேன். பிறகு கேட்டீர்கள்:

“இன்னும் ஒண்ணு சேர்த்து எழுத இடமிருக்கா? கை எப்படியானாலும் வீட்டுக்கு வரவேண்டிய ஆளுன்னு.”

எழுதினேன். மச்சான் வந்தார்.

எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஒருவரை வெறும் பெயராக மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைக்க எனக்குக் கை வருவதில்லை லாத்தா.