யார் இதைச் செய்யக் கூடாது

ஜனவரி 11

அன்புள்ள வாண்டுவுக்கு,

இங்கே நலம். உன் இருமல் விட்டதா?

போனில் ஆரம்பித்தால் உன் அண்ணன் நடுவில் புகுந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். வயதும் ஆகிறது, எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வருகிறது.

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். நம் வீடியோக்களைத் திறப்பவர்களில் பாதிப்பேர் ஐம்பதாவது நொடியில் கிளம்பிவிடுகிறார்கள் என்கிறாய். அந்த நொடியில் நான் என்னதான் சொல்கிறேன் என்று எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றேதான். "இந்தப் பயிற்சியை யார் செய்யக் கூடாது?" ஆறு வருடமாக ஒவ்வொரு வீடியோவிலும் முன்னுரை முடிந்ததும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன். மூன்று நிமிடம் ஆகும். அது அலங்காரம் இல்லை. என் பிசியோதெரபி அறைக்குள் ஒருவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். பிறகுதான் கழுத்தைத் தொடுவேன்.

எல்லோரும் இப்போது போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு ஒன்றாகத் தள்ளுகிறார்கள், நாமும் அப்படி மாறாவிட்டால் சேனலை மூட வேண்டியதுதான் என்கிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உன் அண்ணனே என் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார். எலி மருத்துவம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என் குரல். ஆகவே சரி, முயற்சி செய்வோம். ஒரே நிபந்தனை. அந்த மூன்று நிமிடம் எங்காவது இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் சரி என்று எழுதியதைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். அபூர்வமான பொருள்.

மூன்று நிமிடத்தை நான் தூக்கிப்போட மாட்டேன். இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் பகுதியில் பயிற்சி, முப்பத்தெட்டு நொடி. இரண்டாம் பகுதியில் யார் செய்யக் கூடாது என்பது. முதலாவதின் கடைசியில் "பகுதி இரண்டைப் பாருங்கள்" என்று எழுத்து வரும். பழையபடி எச்சரிக்கையை முன்னால் வைத்தால் யாரும் பயிற்சிவரை வருவதில்லை. வராதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன லாபம்?

அடுத்த சனிக்கிழமை கேமராவோடு வருகிறேன். இந்த முறை நாற்காலி வேண்டாம். உட்கார்ந்தால் படச் சட்டத்தின் மேல்பாதி வெறும் சுவராக இருக்கிறது. நின்றுகொண்டு செய்யுங்கள். வெட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற்றுவேன்.

என்றும் உங்கள்,
வாண்டு

பிப்ரவரி 24

அன்புள்ள வாண்டு,

நீ அனுப்புவதெல்லாம் வந்து சேருகிறது. நோயாளிகள் அதிகம், ஒரு மாணவிக்குத் தேர்வுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டும் குதித்து வருகிற எழுத்தும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்றைத் திறந்தேன், பத்து நொடியில் மூடிவிட்டேன். பார், நானும் உன் வரைபடத்தில் ஒரு புள்ளி.

ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. உன் தொழில் உனக்குத் தெரியும். ஏற்று.

அண்ணி

மார்ச் 30

என் அருமை அண்ணி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கழுத்துப் பயிற்சி முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறு வருடத்தில் நாம் போட்ட எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவு இல்லை. உங்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள், "கழுத்தக்கா". என் அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு பெண் மதியம் அதைச் செய்துகொண்டிருந்தாள். "இவங்க எங்க அண்ணி"ன்னு சொன்னேன். "சும்மா அளக்காதீங்க"ன்னுட்டா.

அலுவலக வேலையை விட்டுவிடலாமா என்று முதல் தடவையாக நிஜமாகவே யோசிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்களேன், சந்தோஷம் என்றாவது.

வாண்டு

ஜூன் 3

வாண்டு,

இன்று காலை ஒரு தையல்காரர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, விரல் மடங்கவில்லை என்று எலும்பு மருத்துவர் அனுப்பியிருந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்பேன் என்று உனக்குத் தெரியும்.

நாளெல்லாம் மெஷினில் குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளுமாம். போனில் பார்த்து ஒரு பயிற்சி செய்தாராம். ஏப்ரல் நான்காம் தேதி, வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "தலையைப் பின்னால சாச்சுத் திருப்பினேங்க. கிர்ருன்னு சுத்துச்சு. பிடிக்க ஒண்ணுமில்ல. கையை ஊனிட்டேன்." ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எலும்புத் தேய்மானம் வேறு.

எந்தப் பயிற்சி என்று கேட்டேன். இடது கையால் போனை எடுத்துக் காட்டினார். நான்தான்.

நான் முகக்கவசத்தை இறக்கினேன். அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களேதான். நேர்ல கொஞ்சம் வயசாத் தெரியுறீங்க," என்றார். அப்புறம் அவரே சொன்னார், "உங்க மேல தப்பில்லைங்க. ரெண்டாவது பகுதி இருக்குன்னு போட்டிருந்துச்சு. நான்தான் பாக்கல." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதியம் கணக்கைத் திறந்து பார்த்தேன். முதல் பகுதியை இன்றுவரை ஐம்பத்தோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் பகுதியை ஒன்பதாயிரம் பேர்.

அதைச் சேனலிலிருந்து இன்றே இறக்கிவிடு.

அண்ணி

ஜூன் 5

அண்ணி,

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். அந்தத் தையல்காரருக்கு ஆனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இறக்குவதில் பயன் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டன. நாம் இறக்கினால் நம்முடையது மட்டும்தான் போகும். அவர்களுடையது, "பகுதி இரண்டு" என்ற எழுத்துகூட இல்லாமல், ஓடிக்கொண்டே இருக்கும். நம்முடையதில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். ஒருத்தருக்கு ஆனதை வைத்து எல்லாவற்றையும் உடைத்துப்போட வேண்டாம். நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அது உங்களுக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தடவை உங்களுக்கு அனுப்பினேன். "பாருங்க அண்ணி, பாருங்க அண்ணி" என்று. ஒன்றையாவது முழுசாகப் பார்த்தீர்களா? உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் படிப்பு. பார்ப்பதே உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. நிற்கச் சொன்னது நான். நின்றது யார்? எனக்குக் கேமரா தெரியும். கழுத்து உங்களுக்குத்தான் தெரியும்.

வாண்டு

ஜூன் 8

வாண்டு,

நீ எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லை. நாற்காலியை எடுத்ததற்கு நான் சம்மதித்தேன். அதில் எனக்கு ஒரு வேலை இருந்தது, அதைச் செய்யவில்லை. குப்பை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குப்பையிலேயே என் முகத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தையல்காரரிடம் இதைச் சொன்னேன். வாரம் மூன்று நாள் வருகிறார். கட்டைவிரல் சிறுவிரலைத் தொட்டுவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் நாளாகும்.

மூன்று நாளாக அந்த முப்பத்தெட்டு நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழே இருக்கிற கமெண்ட்களையும் படித்தேன். நாலாயிரத்துச் சொச்சம். நன்றி அக்கா, சூப்பர் அக்கா, இதயம், கைகூப்பு. ஒருவருக்குக்கூடத் தலை சுற்றவில்லை. நின்றுகொண்டு கழுத்தைப் பின்னால் சாய்த்துத் திருப்பிய இவ்வளவு பேரில் ஒருவருக்கும் சுற்றவில்லை என்றால், இருபத்து மூன்று வருடமாக நான் தொட்டதெல்லாம் வேறு ஏதோ கழுத்துகளாக இருக்க வேண்டும்.

"ஒருத்தருக்கு" என்று எழுதியிருந்தாய். ஒருத்தருக்குத்தானா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி

ஜூன் 15

அண்ணி,

ஒருத்தருக்கு இல்லை.

ஏற்றிய இரண்டாம் நாளே ஒருவர் "தலை சுத்துது" என்று போட்டார். அதன் கீழே முப்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். அதுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது. அன்றைக்கே வரைபடத்தில் கோடு கீழே இறங்க ஆரம்பித்தது. நான் பயந்துவிட்டேன். சில வார்த்தைகளைக் கொடுத்தால் அவை வருகிற கமெண்ட்களைத் தானாக மறைத்துவிடுகிற வசதி ஒன்று உண்டு. வசவுகளுக்காக வைத்திருப்பது. அதில் சுத்துது, மயக்கம், வாந்தி என்று சேர்த்தேன். எழுதியவர்களுக்கு மட்டும் அவர்கள் எழுதியது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பிறகு பிரித்துப் பார்த்துப் பதில் போடலாம் என்றுதான் நினைத்தேன். கோடு மேலே போக ஆரம்பித்ததும் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று திறந்தேன். இருநூற்றுப் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. முகப்பில் தையல் மெஷின் படம். ஏப்ரல் இரண்டாம் தேதி. "அக்கா லேசா சுத்துது. நின்னுட்டு செய்யலாமா உட்காரணுமா?"

அண்ணி, அவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

வீடியோவை இறக்கிவிட்டேன். மறைத்ததெல்லாம் இப்போது வெளியே. நேற்று நானே கேமரா முன்னால் நின்றேன். மூன்று நிமிடம் பேசினால் யாரும் நிற்க மாட்டார்கள் என்று எனக்குத்தானே தெரியும். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். "கழுத்தைப் பின்னால சாய்க்கிற அந்த வீடியோவைப் பாத்திருந்தீங்கன்னா உடனே நிறுத்துங்க, தலை சுத்துனவங்க கேட்டதை மறைச்சது நான்." மீதி நொடிகளில் யார் செய்யக் கூடாது என்பது, நீங்கள் சொல்கிற வரிசையிலேயே. உங்கள் பெயரை இழுக்கவில்லை.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வாண்டு

ஜூன் 29

அன்புள்ள வாண்டுவுக்கு,

நீ பேசியதை உன் அண்ணன்தான் காட்டினார். முழுதாகப் பார்த்தேன். பிறகு இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். சரியாகச் சொல்லியிருக்கிறாய். நான் சொல்லியிருந்தால் முன்னுரையோடு ஆரம்பித்திருப்பேன், ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள். இந்த வேகத்தில் உண்மையைச் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். முடியும். அது நான் தெரிந்துகொண்டது.

கீழே உன்னைத் திட்டியிருப்பதையும் படித்தேன். ஒன்றையும் மறைக்காமல் விட்டிருக்கிறாய். இதுவரை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது லட்சத்தில் மீதிப் பேரை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் இரண்டைப் பற்றித் தையல்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். "அதுவா? பதில் வரலையேன்னு பார்த்தேன். அத்தனை பேர் கேக்குறாங்க, வேலையா இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் கைகழுவப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வாண்டு, இனி உன்னோடு சேர்ந்து வேலை செய்ய என்னால் முடியாது. கோபத்தில் எழுதவில்லை. கோபம் உன் கடிதம் வந்த அன்று இருந்தது, தீர்ந்துவிட்டது. உன்னிடம் என் முகத்தைக் கொடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். மறுபடி கொடுத்தால் ஒவ்வொரு நொடியையும், ஒவ்வொரு கமெண்ட்டையும் சரிபார்ப்பேன். நீயும் என் எதிரே சரிபார்க்கப்படுகிறவளாக உட்கார்ந்திருப்பாய். அப்படி இரண்டு பேர் நாத்தனாரும் அண்ணியுமாக இருந்து நான் பார்த்ததில்லை. சேனல் உன்னுடையது. என்னை வைத்து எடுத்த பழையவை இருக்கட்டும், அந்த மூன்று நிமிடத்தோடு. புதிதாக என்னை வைத்து எதுவும் வேண்டாம்.

வேலையை விட்டதை உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல். பக்கத்தில் நான் இருக்கிறேன்.

சனிக்கிழமை எப்போதும்போல வா. பையில் மாற்றுத்துணி மட்டும் போதும்.

அன்புடன்,
அண்ணி