எளாவூர் சாவடியில் எல்லப்பன் வைத்த கைநாட்டு

ஐப்பசி, வெள்ளி

ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். அதே வருஷம் சாராயக் கடைகளையும் மூடினார்கள். குடிக்கிறவன் எல்லாம் எல்லை தாண்டித் தடாவுக்குப் போகிறான். திரும்பி வருகிறவன் வாயை எளாவூர் போலீஸ் சாவடியில் மோந்து பார்க்கிறார்கள்.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல, மருமகள் ருக்மணி எழுதுகிறாள்.

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். தடாவில் மாடுகளுக்கு லாடம் அடித்து வண்டியில் திரும்பினோம், நானும் மச்சான் எல்லப்பனும். செத்துப்போன என் பெண்டாட்டியின் தம்பி. வழியில் அவனுக்கு வயிறு உப்புசம். மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கி ஆளுக்கு ஒரு மூடி. சாராயம் போலப் புளித்த நாற்றம். குடித்தது அவ்வளவுதான்.

சாவடி ஏட்டு, "ஊது" என்றார். ஊதினேன்.

"இன்னா பெர்சு, தடாவுல நாஷ்டாவே அதானா?"

"மருந்துங்க. பாட்டிலு வண்டில கீது."

பாட்டிலைத் திறந்தும் பார்க்கவில்லை. காகிதம் நீட்டினார். "வெரல வச்சிட்டுப் போய்க்கினே இரு. சும்மா லிஸ்ட்டுக்குத்தான்."

"படிச்சிக் காட்டாத கயிதத்துல வெக்க மாட்டேங்க. டாக்டராண்ட இட்டுக்கினு போங்க. ரத்தம் எடுக்கட்டும்."

"சட்டம் பேசறியா?"

"டாக்டரத்தான் கேக்கறேங்க."

கத்தவில்லை. கத்தினால் அதையே போதை என்று எழுதிவிடுவார்கள். முன்பு வரப்புத் தகராறில் பொன்னேரி வக்கீல் குமாஸ்தா சொல்லித்தந்தது.

எல்லப்பன் பார்வை மாடுகள் மேல். நுகத்தடியோடு வெயிலில். புது லாடம், காலை மாற்றி மாற்றி வைத்தன.

"மாமா, மாடு தவிக்குது. வச்சிட்டுப் போலாம் வா."

வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. அவன் வைத்துவிட்டான்.

என்னைக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு. அவனை ஸ்டேஷனுக்கு.

சனி

மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

நேற்று டாக்டர் தரையில் போட்ட கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். கண்ணைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். போதை இல்லை என்று சீட்டு. விட்டுவிட்டார்கள்.

எல்லப்பனை டாக்டரிடம் காட்டவே இல்லை. குடித்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று அந்தக் காகிதத்தில் இருந்ததாம். பொன்னேரி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: மாட்டுக்குத் தவிடு. ஓலை இரண்டு கட்டு. எல்லப்பனுக்கு மாற்று வேட்டி. வக்கீல் குமாஸ்தா.

ருக்மணி எழுதுவதை நிறுத்தினாள். "நீங்க அப்பவே வெக்காதடான்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது.

ஞாயிறு

ஒன்றும் இல்லை. ஓலை மாற்றினேன். வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தேன். டாக்டர் பார்க்காமல் வாங்கின கைநாட்டை வழக்கில் உடைக்கலாம், முதலில் அவனை வெளியே எடு என்றார். நிலம் உள்ளவன் ஜாமீன் நிற்க வேண்டுமாம்.

திங்கள்

மழை விட்டது. பொன்னேரி கோர்ட். வராந்தாவில் ஒருத்தி முறுக்கு விற்கிறாள். பக்கத்து ஜெயில் ஜன்னல் வழியாக எல்லப்பனைப் பார்த்தேன். நாலு நாள் தாடி.

"மாமா, மாடு எப்பிடி கீது?"

"நல்லா கீது."



கோர்ட் எழுத்தர் என் பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் நைனா காலத்துப் பட்டா.

"கூட்டுப் பட்டாய்யா இது. அஞ்சு பேரு. உயிரோட கீறவன்ல ஒருத்தன் வரலன்னாலும் ஜாமீன் கெடையாது. உன் மச்சான் உள்ளதான்."

"படிங்க."

"பெருமாள்?"

"எங்க நைனா. வெள்ளக்காரன் போன வருசம் செத்தாரு. அறுப்புக்கு முன்னாடி."

"முனுசாமி?"

"பெரிய அண்ணன். ஜப்பான்காரன் குண்டுக்கு பயந்து பட்டணம் காலியாச்சே, அப்போ. பாம்பு."

"துரைசாமி?"

"சின்ன அண்ணன். சீனாக்காரன் சண்ட. காமால."

"வரதன்?"

"தம்பி. ரூவாய்க்குப் படி அரிசின்னு சொன்ன எலெக்சன். ஓட்டு போட்டுட்டு வந்து படுத்தான்."

எழுத்தர் பேனா மூடியைக் கழற்றினார். "அப்போ மிச்சம் யாருய்யா?"

"கோவிந்தசாமி. நான்தாங்க."